பனியிலும் சாகாத புல்

புல்லைத் தெரியாதவர் யாரும் இல்லை. வீட்டு முற்றத்தில் முளைக்கும். வயல் வரப்பில் முளைக்கும். கல் இடுக்கிலும் முளைக்கும். ஆடு மாடு அதை மேய்கிறது. நாம் அதை மிதித்து நடக்கிறோம். மண்வெட்டியால் செதுக்கி எறிகிறோம். ஒரு மழை பெய்தால் போதும், மறுபடி வந்துவிடுகிறது.

இந்தப் புல்லுக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. அது பூமியின் தென்கோடியில், பனிக்கட்டி ஓரத்தில் வாழ்கிறது. அங்கே மரம் கிடையாது. வருடத்தில் பாதிக்கு மேல் தரை உறைந்து கிடக்கும். காற்று கத்தி போல வீசும். அந்த இடத்தில் இந்தப் புல் பச்சையாக நிற்கிறது.

அது எப்படி உயிர் பிழைக்கிறது? அதன் இலையில் அப்படி என்ன இருக்கிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். அதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் நெல்லைப் பற்றியும் தெரியும். மூணாறு தேயிலை ஏன் பனியில் கருகுகிறது என்பதும் தெரியும்.

புல் ஒரு பெரிய குடும்பம்

புல் என்றால் அருகம்புல் மட்டும் அல்ல. நாம் சோறு பொங்கும் நெல் ஒரு புல். கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் புல் வகை. கரும்பும் புல்தான். மூங்கில்கூடப் புல்தான்!

நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜவஹர்லால் நேரு பெயரில் ஒரு பெரிய தாவரத் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. 1979-இல் தொடங்கப்பட்டது. அங்கே பல வகை மூங்கில்களை ஓர் இடத்தில் வளர்க்கிறார்கள். தென்னை உயரம் வளரும் மூங்கிலும், விரல் நீளம் வளரும் அருகம்புல்லும் ஒரே குடும்பம் என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை அதுதான்.

உலகத்தில் 11,000-க்கும் மேற்பட்ட புல் வகைகள் இருக்கின்றன. பாலைவனத்தில் புல் உண்டு. சதுப்பு நிலத்தில் உண்டு. உப்புக் காற்று வீசும் கடற்கரையிலும் உண்டு. பூமியின் இரண்டு துருவப் பக்கங்களிலும் புல் உண்டு.

வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே 2008-இல் இந்தியா ஓர் ஆய்வு நிலையம் திறந்தது. அதன் பெயர் ஹிமாத்ரி. அந்தத் தீவுகளில் கோடையில் பனி விலகிய இடங்களில் பல வகைப் புற்கள் தலை காட்டும்.

தென் துருவப் பக்கம் அப்படி அல்ல. அங்கே நிலைமை இன்னும் கடுமை.

தென்கோடி நிலம்

தென் துருவத்தைச் சுற்றியுள்ள பெரிய நிலத்தின் பெயர் அண்டார்டிகா. அது நம் இந்தியாவைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரியது. ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கிறது.

அங்கே எவ்வளவு குளிர்? முதலில் நம் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் மார்கழி மாத விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆவது பூஜ்யம் டிகிரியில். அண்டார்டிகாவின் நடுப் பகுதியில் வோஸ்டோக் என்ற ரஷ்ய ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே 1983 ஜூலை 21 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி பதிவானது. அந்த நடுப் பகுதியில் எந்தப் புல்லும் கிடையாது.

நம் நாட்டு அறிவியலாளர்களும் அண்டார்டிகா போயிருக்கிறார்கள். டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலில் புறப்பட்டது. 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. பிறகு 1989-இல் மைத்ரி என்ற நிலையம் வந்தது. 2012-இல் பாரதி என்ற நிலையம் வந்தது. மைத்ரியைச் சுற்றிப் பாறை நிலம் கொஞ்சம் இருக்கிறது. அங்கே பாசியும், பாறையில் ஒட்டி வளரும் கல்பாசி போன்றவையும்தான் உண்டு. புல் இல்லை.

அப்படியானால் புல் எங்கே? அண்டார்டிகாவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி ஒரு நிலம் விரல் போல நீண்டிருக்கிறது. அந்த நீண்ட நிலத்தின் கரையிலும், பக்கத்துத் தீவுகளிலும்தான் புல் வாழ்கிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் அங்கே குளிர் கொஞ்சம் குறைவு. குறைவு என்றால் நம் கணக்கில் அல்ல. நடுக் கோடையிலும் அங்கே பூஜ்யத்தை ஒட்டி அல்லது அதற்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும்.

அண்டார்டிகாவில் இயற்கையாகவே வாழ்ந்துவரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, மெத்தை போல் தரையோடு படரும் ஒரு சிறு செடி. மற்றொன்று இந்தப் புல். இதன் அறிவியல் பெயர் டெஷாம்ப்சியா அண்டார்டிகா. தலைமுடி போல மெல்லியதாக இருப்பதால் நாம் இதை முடிப்புல் என்று அழைப்போம்.

குளிர் எப்படிக் கொல்கிறது?

எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "குளிர்ந்தால் நாம் போர்த்திக்கொள்கிறோம். புல் எதைப் போர்த்திக்கொள்ளும்?"

நல்ல கேள்வி. போர்வை நமக்குச் சூடு கொடுப்பதில்லை. நம் உடம்பில் இருக்கும் சூட்டை வெளியே போகாமல் தடுக்கிறது. அவ்வளவுதான். ஆனால் புல்லுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. வெளியே எவ்வளவு குளிரோ, உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு குளிர்தான். ஆகவே புல் காப்பாற்ற வேண்டியது சூட்டை அல்ல. வேறு ஒன்றை. அது என்ன?

அது தண்ணீர்.

வீடு செங்கல்லால் ஆனது. அதுபோல இலை செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறை. ஒவ்வோர் அறைக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் உயிரின் எல்லா வேலையும் நடக்கிறது.

தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியை பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? வெடித்துவிடும். தண்ணீர் உறையும்போது அதிக இடம் பிடிக்கும். 100 பங்கு தண்ணீர் உறைந்தால் சுமார் 109 பங்கு இடம் கேட்கும். செல்லுக்குள்ளே தண்ணீர் உறைந்தாலும் இதே ஆபத்துதான். பனி ஊசிகள் செல்லின் மெல்லிய தோலைக் கிழிக்கும். செல் செத்துவிடும்.

ஆனால் இலையில் பனி முதலில் செல்லுக்குள் உருவாவதில்லை. செல்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. பனி அங்கேதான் முதலில் உருவாகும். அங்கே உருவான பனி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும்.

இதைப் புரிந்துகொள்ளக் கருவாட்டை நினைத்துப் பாருங்கள். விழிஞ்ஞத்திலும் வலியதுறையிலும் மீனுக்கு உப்பு போட்டு வைப்பார்கள். உப்பு மீனுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் மீனுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். மீன் வற்றிச் சுருங்கும். இலையில் உப்பு செய்யும் வேலையைப் பனி செய்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தரை உறைந்துவிட்டால் வேர் தண்ணீர் குடிக்க முடியாது. மேலேயோ காற்று வீசி இலையை உலர்த்துகிறது. சுற்றிலும் மலை மலையாகப் பனிக்கட்டி. ஆனால் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆகவே குளிர் என்பது செடிக்கு ஒரு வறட்சி. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்று புரிந்தால் மற்றவை எல்லாம் எளிது.

நெல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

வறட்சி வந்தால் புல் என்ன செய்யும்? அதைப் பார்க்க அண்டார்டிகா போக வேண்டாம். வயலுக்குப் போனால் போதும்.

தண்ணீர் வற்றிய வயலில் உச்சி வெயிலில் நெல் இலையைக் கவனியுங்கள். விரிந்திருந்த இலை நீளவாக்கில் சுருண்டு குழல் போல ஆகிவிடும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் மறுபடி விரியும். தண்ணீர் பாய்ச்சினாலும் விரியும்.

இது எப்படி நடக்கிறது? நெல் இலையின் மேற்பக்கத்தில், நரம்புகளுக்கு நடுவே, சில பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. அவை தண்ணீர்ப் பை மாதிரி. பை நிறைந்திருந்தால் இலை விரிந்து நிற்கும். பை வற்றினால் மேற்பக்கம் சுருங்கும். இலை பாய் போலச் சுருளும்.

சுருள்வதால் என்ன லாபம்? இலையில் மிகச் சிறிய துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் இலை மூச்சு விடுகிறது. அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீரும் ஆவியாகப் போகிறது. இலை சுருண்டால் மேற்பக்கத் துளைகள் குழலுக்குள் மறைந்துவிடும். காற்று அவற்றை நேராகத் தொட முடியாது. தண்ணீர் மிச்சம்.

கடற்கரை மணலில் இராவணன் மீசை என்று ஒரு புல் உண்டு. காலில் குத்தும் புல். அதன் இலையும் விறைத்து, உட்பக்கம் சுருண்டு, ஊசி போல இருக்கும். அங்கே வெயிலும் உப்பும் சேர்ந்து வறட்சி உண்டாக்குகின்றன.

நெல்லுக்கு வெயிலால் வறட்சி. இராவணன் மீசைக்கு உப்பாலும் வறட்சி. முடிப்புல்லுக்குக் குளிரால் வறட்சி. காரணம் வேறு வேறு. தப்பிக்கும் வழி ஒன்றுதான். ஆனால் முடிப்புல் அந்த வழியில் இன்னும் பல படி மேலே போயிருக்கிறது.

முடிப்புல்லின் இலையைப் பிரித்துப் பார்ப்போம்

ஒன்று: இலை குறுகியது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. அகலமான வாழை இலை காற்றில் கிழிந்து நார் நாராகிவிடும். சீக்கிரம் உலர்ந்தும் போகும். ஊசி போன்ற இலைக்கு அந்தத் தொல்லை குறைவு.

இரண்டு: இலை மடிந்தே இருக்கிறது. பனிக் காற்றில் வளரும் முடிப்புல்லின் இலை நீளவாக்கில் மடிந்து, மேற்பக்கத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. மேற்பக்கம் சமமாகவும் இல்லை. வேட்டிக் கொசுவம் போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மூச்சுத் துளைகளில் பெரும்பாலானவை இந்த மேற்பக்கத்தில்தான் உள்ளன. முதலில் மடிப்பு, அதற்குள் பள்ளம். காற்றுக்கு எட்டாத இடம்.

மூன்று: வெளிப்பக்கத்தில் தடித்த மெழுகுப் பூச்சு. சேம்பு இலையில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இலை மேல் இருக்கும் மெழுகு. முடிப்புல்லிலும் இலையின் மேல் தோலில் அப்படிப்பட்ட பூச்சு தடிப்பாக இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் தோல் வழியாக வெளியேறுவதை அது தடுக்கிறது.

நான்கு: செல்கள் சிறியவை. பெரிய குடம் உடைந்தால் எல்லாத் தண்ணீரும் போய்விடும். சிறு சிறு செம்புகளில் வைத்தால் அந்த நட்டம் இல்லை. சிறிய செல்லில் தண்ணீர் குறைவு. வற்றிச் சுருங்கினாலும் கசங்கிக் கிழிவதும் குறைவு.

ஐந்து: இலைக்குள் நார் உண்டு. நரம்புகளை ஒட்டித் தடித்த சுவருள்ள செல்கள் இருக்கின்றன. பந்தலுக்குக் கால் நட்டது போல அவை இலையைத் தாங்குகின்றன. மென்மையான செல்கள் தண்ணீர் வற்றித் துவண்டாலும் இலை நசுங்கிப் போவதில்லை. பனித் துகளோடு வீசும் காற்றிலும் ஒடிவதில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. அறிவியலாளர்கள் இந்தப் புல்லை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் இதமான சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். இலை அகலமாகிவிட்டது. மேல் தோலின் பூச்சு மெலிந்துவிட்டது. அதாவது, இடத்துக்குத் தகுந்தபடி இலையைக் கட்டிக்கொள்ளும் திறமை அந்தப் புல்லுக்கு இருக்கிறது.

செல்லுக்குள் நடக்கும் வேலை

இலையின் கட்டடம் மட்டும் போதாது. செல்லுக்குள்ளும் ஒரு தயாரிப்பு நடக்கிறது.

குளிர் காலம் நெருங்கும்போது முடிப்புல் தன் செல்களில் சர்க்கரையைச் சேர்க்கிறது. எதற்கு? வெறும் தண்ணீர் சீக்கிரம் உறையும். சர்க்கரை கலந்த தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். சர்க்கரை இன்னொரு வேலையும் செய்கிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. வெளியே இருக்கும் பனி எவ்வளவு இழுத்தாலும் எல்லாத் தண்ணீரும் போய்விடாது.

செல்களுக்கு இடையே உருவாகும் பனியை என்ன செய்வது? அதற்குச் சில புரதங்கள் இருக்கின்றன. பனியை முழுவதும் தடுக்க அவற்றால் முடியாது. ஆனால் சின்னப் பனித் துகள்கள் ஒன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கும். ஐஸ்கிரீம் ஒரு முறை உருகி மறுபடி உறைந்தால் நாக்கில் கரகரவென்று படும். சின்னத் துகள்கள் பெரிய துகள்களாகிவிட்டன என்று பொருள். இலைக்குள் அப்படிப் பெரிய துகள் வந்தால் செல்கள் நசுங்கும். புரதம் அதை நடக்கவிடாது.

இந்த எல்லா ஏற்பாடும் சேர்ந்ததால், குளிருக்கு நன்றாகப் பழகிய முடிப்புல் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டித் தாங்கும்.

குளிர் காலத்தில் மேலே பனி விழுந்து மூடிவிடும். அதுவும் நல்லதுதான். பனிக்கு மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பனிக்கு அடியில் அவ்வளவு குளிர் இறங்காது. இங்கே மட்டும் அந்த அம்மா கேட்ட போர்வை வந்துவிடுகிறது. பனிதான் போர்வை!

குளிரில் சமையல்

இலை ஒரு சமையலறை. வெயிலை அடுப்பாக வைத்து, காற்றையும் தண்ணீரையும் கொண்டு உணவு தயாரிக்கிறது. இந்த வேலை நடக்க ஓரளவு சூடு வேண்டும். நம் ஊர்ச் செடிகள் பலவற்றுக்குக் குளிர் அதிகமானால் இந்த வேலை நின்றுவிடும்.

முடிப்புல் மிக நன்றாக உணவு தயாரிப்பது சுமார் 13 டிகிரியில். பூஜ்யம் டிகிரியிலும் அந்த வேலை நிற்பதில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நடக்கும். கோடை குறுகியது. அதற்குள் உண்டு, வளர்ந்து, பூத்து, விதைத்து முடிக்க வேண்டும். ஆகவே கிடைக்கும் சிறு வெயிலையும் அது வீணாக்குவதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. முடிப்புல் உயரமாக வளர்வதில்லை. பெரும்பாலும் ஒரு விரல் நீளம்தான். கொத்துக் கொத்தாக, நெருக்கமாக, தரையோடு ஒட்டி வளரும். வெயில் படும்போது தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். கொத்துக்குள் காற்றும் வேகமாக வீச முடியாது. அந்தச் சின்ன இடத்தில் அதற்கு ஒரு தனி வெயில் காலம் கிடைத்துவிடுகிறது.

மூணாறில் தேயிலை ஏன் கருகுகிறது?

கடைசியாக ஒரு பெரிய இரகசியம். அதைச் சொல்ல நம் கேரளத்து மலைக்கே போக வேண்டும்.

மூணாறில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கே சில நாள் விடியற்காலையில் உறைபனி விழும். 2019 ஜனவரி தொடக்கத்தில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போனது. புல்வெளிகள் வெள்ளைத் துணி விரித்தது போல் ஆயின. பார்க்க வந்தவர்களுக்கு அது அழகு. தோட்டக்காரர்களுக்கு அது கவலை. உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். கொழுந்து இல்லை என்றால் பறிக்க வேலை ஏது?

அதே மலையில், பக்கத்திலேயே, இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. வரையாடுகள் மேயும் இடம். அங்கே புல்வெளி மேலும் அதே உறைபனி விழுகிறது. புல்லின் நுனி காய்ந்து பழுப்பாகும். ஆனால் புல் சாவதில்லை. மறுபடி தளிர்க்கும்.

தேயிலை கருகுகிறது. புல் பிழைக்கிறது. ஏன்?

குருத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தேயிலைச் செடி வளர்வது கிளையின் நுனியில். அந்த நுனிதான் கொழுந்து. அது வெட்டவெளியில் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பனி நேராக அதன் மேல் விழுகிறது.

புல்லில் அப்படி அல்ல. புல் இலை வளர்வது அடியில். குருத்து தரையை ஒட்டி, பழைய இலைகளின் அடிப்பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ஆடு மேய்ந்தாலும் புல் வளர்கிறது. அரிவாளால் அறுத்தாலும் வளர்கிறது. பனி நுனியைக் கருக்கினாலும் வளர்கிறது. நுனி போனால் போகட்டும், அடி இருந்தால் போதும்.

இரவிகுளம் போன்ற உயரமான இடங்களில் வெட்டவெளியில் மரக் கன்றுகள் எளிதில் பிழைப்பதில்லை. சோலைக் காடு புல்வெளிக்குள் பரவாமல் நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

முடிப்புல்லும் இதைத்தான் செய்கிறது. கொத்தின் நடுவே, காய்ந்த பழைய இலைகள் சூழ, குருத்து பத்திரமாக இருக்கிறது. செத்த இலைகள் உயிருள்ள குருத்துக்குக் காவல்.

இப்போது வந்திருக்கும் ஆபத்து

குளிரைத் தாங்கும் புல்லுக்கு என்ன ஆபத்து வரும்? குளிர் குறைவதே ஆபத்துதான்.

பூமி சூடாகி வருகிறது. அண்டார்டிகாவின் அந்த விரல் போன்ற நிலம் 1950-க்குப் பின் வந்த ஐம்பது ஆண்டுகளில் சுமார் 3 டிகிரி சூடேறியது. அங்கே சிக்னி என்று ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவில் முடிப்புல் 1960 முதல் 2009 வரை பரவிய அளவுக்கு, அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 2018-க்குள் பரவியது. இதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சூடு கூடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

புல் பரவினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முடிப்புல்லுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. மற்றப் புற்களுக்கும் திறந்துவிட்டது. உலகமெங்கும் வழியோரங்களில் முளைக்கும் ஒரு சிறு புல் உண்டு. போவா அன்னுவா என்பது அதன் பெயர். 1985-86 கோடையில் ஒரு தீவில் போலந்து நாட்டு ஆய்வு நிலையத்தின் பக்கத்தில் அது முளைத்திருப்பதைக் கண்டார்கள். மனிதர்களோடு வந்த விதையிலிருந்து முளைத்த புல் அது.

விதை எப்படிப் போகும்? செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணில் போகும். கால்சட்டை மடிப்பில் போகும். பெட்டியின் மூலையில் போகும். முன்பு அப்படிப் போன விதை குளிரில் செத்துவிடும். இப்போது சில விதைகள் பிழைக்கின்றன. வேகமாக வளரும் புதிய புல் வந்தால், மெதுவாக வளரும் முடிப்புல்லுக்கு இடம் இருக்காது. கொடிய குளிரைத் தாங்கிய புல், ஒரு செருப்பில் வந்த விதையிடம் தோற்றுப்போகலாம்.

அதனால் அங்கே போகிறவர்கள் காலணியையும் துணியையும் சுத்தம் செய்த பிறகே தரையில் கால் வைக்க வேண்டும். வெளியிலிருந்து செடியோ விதையோ கொண்டு போகக் கூடாது என்று உலக நாடுகள் 1991-இல் ஓர் உடன்பாடு செய்தன. நம் நாடும் 2022-இல் அண்டார்டிகாவைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது.

சுருக்கமாகச் சொன்னால்

முடிப்புல் குளிரோடு சண்டை போடுவதில்லை. தன்னிடம் இருக்கும் தண்ணீரைக் காக்கிறது. இலையைக் குறுக்கிக்கொள்கிறது. மடித்துக்கொள்கிறது. மெழுகு பூசிக்கொள்கிறது. சர்க்கரை சேர்க்கிறது. குருத்தை அடியில் ஒளித்துவைக்கிறது. இவற்றில் பல நம் வயலிலும் கடற்கரையிலும் மலையிலும் உள்ள புற்களிடமும் உண்டு. நாளை வரப்பில் நடக்கும்போது குனிந்து ஒரு புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

செய்து பார்ப்போம்

1. இரண்டு கிண்ணங்களில் ஒரே அளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் நான்கு கரண்டி சர்க்கரை கலக்குங்கள். இரண்டையும் உறைபெட்டியில் வையுங்கள். அவ்வப்போது திறந்து பாருங்கள். எது முதலில் கட்டியாகிறது?

2. ஒரே அளவுள்ள இரண்டு ஈரத் துணிகளை எடுங்கள். ஒன்றை விரித்துக் கொடியில் போடுங்கள். மற்றொன்றைச் சுருட்டிப் பக்கத்தில் வையுங்கள். எது முதலில் காய்கிறது? நெல் இலை ஏன் சுருள்கிறது என்பது விளங்கும்.

பதில் சொல்லுங்கள்

1. மூங்கிலும் நெல்லும் எந்தக் குடும்பம்?
2. குளிரை ஏன் ஒரு வறட்சி என்று சொல்கிறோம்?
3. முடிப்புல்லின் மூச்சுத் துளைகள் பெரும்பாலும் எந்தப் பக்கத்தில் உள்ளன? அதனால் என்ன லாபம்?
4. உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுகிறது, புல் மறுபடி தளிர்க்கிறது. ஏன்?
5. அண்டார்டிகா போகிறவர்கள் ஏன் செருப்பைச் சுத்தம் செய்ய வேண்டும்?

புதிய சொற்கள்

துருவம் - பூமியின் வட கோடி அல்லது தென் கோடி
செல் - உயிருள்ளவற்றின் உடம்பைக் கட்டும் மிகச் சிறிய அறை
உறைபனி - இரவுக் குளிரில் புல், இலை மேல் வெள்ளையாகப் படியும் பனிக்கட்டி
குருத்து - செடியில் புதிதாக வளரும் இளம் பகுதி
புரதம் - உடம்பின் பல வேலைகளைச் செய்யும் ஒரு சத்துப் பொருள்